என் லைனுக்குள் வந்து விழுந்த 27 பேர்

நான் ஒரு நேரடி விற்பனை (எம்எல்எம்) கம்பெனியில் இருக்கிறேன், சாமான் விற்று ஆளும் சேர்க்கிற தொழில். போன மாசம் ஒருநாள் கம்பெனி ஆப்பைத் திறந்தால் என் டவுன்லைனில், அதாவது எனக்குக் கீழே இருப்பவர்கள் பட்டியலில், 27 பேர் கூடியிருக்கிறார்கள். நான் யாரையும் சேர்த்து ஐடி போடவில்லை. எனக்குக் கீழே இருந்த ஒருத்தர் தொழிலை விட்டுவிட்டார். அவர் ஐடி போனதும் அவருக்குக் கீழே இருந்தவர்கள் அப்படியே மேலேறி என் நேரடி லைனில் உட்கார்ந்துவிட்டார்கள். ரோல்-அப் என்போம். 27 பேரும் இன்ஆக்டிவ். ஒரு வருஷமாக ஒரு சோப்புகூட வாங்காதவர்கள்.

எனக்கு மேலே இருக்கும் லீடருக்கு ஒரே சந்தோஷம். உடனே வாட்ஸ்அப்பில் ரெடிமேட் வரவேற்பு வந்தது. ராக்கெட் படம், 'உங்கள் கனவுப் பயணம் மீண்டும் தொடங்குகிறது', அடியில் ஜூம் லிங்க். "பேரை மட்டும் மாத்தி எல்லாத்துக்கும் தட்டி விடுங்க."

நான் அனுப்பவில்லை. அவர்கள் என்னைத் தேடி வந்தவர்கள் இல்லை. நான் யாரென்றே தெரியாத ஆளுக்கு என்ன நல்வரவு? ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

பாதிப் பேர் எடுக்கவில்லை. இரண்டு பேர் கம்பெனி பேரைச் சொன்னதும் கட் பண்ணினார்கள். நியாயம்தான். ஆறாவதாக ஓர் அக்கா எடுத்தார், பவானி பக்கம். "நான்தான் அதையெல்லாம் உட்டுட்டனேங்க. ஷாம்பு மட்டும் பதினோரு பாட்டில் அட்டத்துல கெடக்குது, எடுத்துக்கறீங்களா?" என்றார். மாசக் கடைசியில் பிவி (வாங்கும் சரக்குக்குக் கிடைக்கும் புள்ளி) குறைகிறது என்று அவருக்கு மேலே இருந்த அப்லைன் வாங்க வைத்த சரக்காம். கம்மலை அடகு வைத்து வாங்கியிருக்கிறார்.

இதைத்தான் நாம் இன்ஆக்டிவ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். விற்க முடிகிற அளவுக்கு மேல் யார் தலையிலும் சரக்கைக் கட்டக்கூடாது என்று 2016-லேயே ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. மாசக் கடைசி இரவு பத்து மணிக்கு குரூப்பில் அதை யாராவது எடுத்துப் போட்டுப் பாருங்கள், அட்மின் என்ன செய்கிறார் என்று தெரியும்.

போன் எடுக்காதவர்களுக்கு லீடர் வைத்திருந்த வைத்தியம்: "நேரா வீட்டுக்கே போயிருங்க." 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள்படி அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் யார் வீட்டுப் படியும் ஏறக்கூடாது. சொன்னேன். "சட்டம் பேசினா தொழில் நடக்காது சார்" என்றார்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். என் பேர், ஊர், அவர்கள் ஐடி எப்படி என்னிடம் வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். அடுத்து, "ஐடியை கேன்சல் பண்ணணும்னா நானே வழி சொல்றேன்" என்கிறேன். அதைக் கேட்டதும் எதிர்முனையில் குரல் இறங்குகிறது. ஒன்பது பேர் கேன்சல் கேட்டார்கள், செய்து கொடுத்தாயிற்று. நான்கு பேர் மெம்பர் விலைக்கு வீட்டுச் சாமான் மட்டும் போதும் என்றார்கள். தொழில் செய்கிறேன் என்றவர் ஒரே ஒருத்தர், அதுவும் அரை மனசாக.

"27-ல ஒண்ணா?" என்று லீடர் கேட்டார். ஒன்றுதான்.

பவானி அக்காவின் பாட்டில்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏழு காலாவதி. மீதி நாலில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன், இரண்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறது. ஜூம் லிங்க்கை நான் அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை.