பணம் வரும் வழி மாறினால் நிர்வாகமும் மாற வேண்டுமா?

நியூயார்க் நகரின் பொது வீட்டுவசதிக் குடியிருப்புகளை வவுச்சர் எனப்படும் வாடகை உதவி மானியத்துக்கு மாற்றுவதை எதிர்ப்பவர்கள் தனியார்மயம் என்கிறார்கள். ஆதரிப்பவர்கள் வேறு வழியில்லை என்கிறார்கள். பணம் எங்கிருந்து வருகிறது, கட்டடத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்ற இரு கேள்விகளை ஒன்றாகக் குழப்பியதே இந்தச் சண்டைக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

1937ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி அமெரிக்கக் காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையை நம்பியே இக்குடியிருப்புகள் நடக்கின்றன. அந்தத் தொகை பல காலமாகவே பற்றவில்லை. அதன் விளைவு நடுக்குளிர்காலத்தில் நின்றுபோகும் கொதிகலன்களும், குளியலறைக் கூரையில் வண்ணம் பூசப் பூச மீண்டும் படரும் பூஞ்சையுமாகும். இவற்றை நடத்தும் நகர வீட்டுவசதி ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு, அடுத்த 20 ஆண்டுகளில் பழுதுபார்க்க 7,830 கோடி டாலர் தேவை என்கிறது.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவுக்கு, அதாவது வவுச்சர் மானியத்துக்கு மாறினால், வவுச்சர் தனிநபர் கையில் தரப்படுவதில்லை, கட்டடத்தோடு இணைக்கப்படுகிறது. குடியிருப்பவர் வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகச் செலுத்த, மீதியை நீண்டகால ஒப்பந்தப்படி மத்திய அரசு தருகிறது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியும். இதற்கும் ஆண்டுதோறும் காங்கிரஸ்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்றாலும், வங்கிகளும் வீட்டு உரிமையாளர்களும் இதில் பங்குதாரர்களாக இருப்பதால் அதில் கைவைக்கக் காங்கிரஸ் தயங்குகிறது. ஏழைகள் மட்டும் நம்பியிருந்த 9ஆம் பிரிவு நிதிக்கு அந்தத் தயக்கம் கிடைக்கவில்லை. சற்றே கூடுதலாகச் சம்பாதித்து இதுவரை நிலையான வாடகை கட்டிவந்த குடும்பங்களுக்கு மட்டும் வாடகை படிப்படியாக உயரும். இதைக் கூட்டங்களில் அடக்கி வாசிக்கிறார்கள்.

ஆகவே நிதி மாற்றத்தை நான் ஏற்கிறேன். என் ஆட்சேபம் அதோடு சேர்த்து நிர்வாகத்தையும் கைமாற்றுவதில்தான் இருக்கிறது. 'பேக்ட்' எனப்படும் திட்டத்தில் நிலம் ஆணையத்திடமே இருக்க, கட்டடங்கள் நீண்டகாலக் குத்தகையில் தனியார் நிறுவனங்களின் கூட்டணிக்குப் போகின்றன; வாடகை வசூலும், பாக்கி வைத்தவர்மீது வழக்குத் தொடுப்பதும் தனியார் மேலாளர் வசமாகின்றன. முதலில் மாற்றப்பட்ட ஃபார் ராக்கவே ஓஷன் பே குடியிருப்பு, சாண்டி புயலில் அடிவாங்கிய பின் நன்றாகவே சீரமைக்கப்பட்டது. ஆனால் மாற்றத்துக்குப் பின் அங்கே வெளியேற்றங்கள் அதிகரித்ததாக மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022இல் அறிக்கை வெளியிட்டது. சுவர் புதிதாகி, அதற்குள் இருந்தவர் வெளியே நின்றால் அதைச் சீரமைப்பு என்று எப்படிச் சொல்வது?

நிதியை மட்டும் மாற்ற முடியாது என்ற வாதத்துக்கு நியூயார்க்கே பதில் வைத்திருக்கிறது. 2022இல் மாநிலச் சட்டம் ஒன்று பொது வீட்டுவசதிப் பாதுகாப்பு அறக்கட்டளையை உருவாக்கியது. 8ஆம் பிரிவுப் பணத்தைப் பெற்றுக் கடன் திரட்டினாலும், அது பொது அமைப்பு. அன்றாட நிர்வாகம் ஆணையத்திடமும் அதன் ஊழியர்களிடமுமே தொடர்கிறது. புரூக்ளினின் நோஸ்ட்ராண்ட் குடியிருப்பு மக்கள் 2023 இறுதியில் வாக்களித்து இதில் முதலாவதாகச் சேர்ந்தார்கள். அந்த வாக்குச்சீட்டில் பேக்டும், இப்போதிருக்கும் நிலையிலேயே தொடர்வதும் கூடத் தேர்வுகளாக இருந்தன.

மன்ஹாட்டனின் செல்சி பகுதியிலுள்ள ஃபுல்டன், எலியட்-செல்சி குடியிருப்புகளுக்கோ வாக்கெடுப்புக்குப் பதிலாகக் கருத்துக்கணிப்பே வாய்த்தது; கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு அதையே மக்கள் சம்மதமாகக் காட்டினார்கள். பேக்டுக்குப் போகும் ஒவ்வொரு குடியிருப்பிலும் நோஸ்ட்ராண்டில் தந்த அதே வாக்குச்சீட்டைத் தர வேண்டும். ஏற்கெனவே போய்விட்டவற்றில் கட்டடவாரியாக வெளியேற்ற வழக்குகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.