கியர் இறுகினால் கிளச் பிளேட் தேய்ந்துவிட்டதா?

மனுவல் கியர் உள்ள மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கியர் இறுகினால் கிளச் பிளேட் (எஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் தட்டு) தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேணும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். குறை நினைக்க வேண்டாம் தம்பி, தேய்ந்த பிளேட் வழுக்கும், கியரை இறுக்காது.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரை மாற்றிப் பாருங்கள். அப்போது லேசாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினால் கிளச் முழுதாக விடுபடவில்லை. இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது கிளச் ஒயில் மட்டமும், கியர்பொக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரும்தான் (கிளச்சை மிதிக்கும்போது ஒயில் அழுத்தத்தால் அதை விடுவிக்கும் சின்ன உருளை). அதன் ரப்பர் உறையை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரமென்றால் கசிவு.

சரி, பிளேட்டை எப்படிச் சோதிப்பது? முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு (உடைக்காமல் யார் போவது!) யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 வீதியில் ஏறுங்கள். தெரு வெறிச்சென்று இருக்கும்போது நாலாம் கியரில் 50 கிலோமீற்றரில் போய் அக்சிலேற்றரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) துள்ளி ஏற, வேகமுள் அப்படியே நின்றால் பிளேட் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் பிளேட் வழுக்கவில்லை, அதை மாற்றக் கியர்பொக்ஸை இறக்கும் கூலி மிச்சம்.