டிரம்மில் அம்மோனியா வேண்டாம்

அண்ணே, பித்தளைத் தோட்டா உறையோ விளக்கோ, டிரம்மில் தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டு உருட்டும்போது கொஞ்சம் அம்மோனியா ஊற்றினால் நன்றாகப் பளபளக்கும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பளபளக்கும், அது சரி. ஆனால் ஒன்றும் ஆகாது என்பது சரியில்லை.

அம்மோனியா பித்தளையில் உள்ள செம்பைக் கரைக்கும், அதோடு அடித்தும் இழுத்தும் வடிவம் கொடுத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும் இல்லையா, அது அம்மோனியா பட்டால் விரிசலாக வெளியே வரும். பிரிட்டிஷ் காலத்தில் இங்கே மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் தானாகவே வெடிப்பு விட்டன, காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா என்று 1921-இல் விளக்கினார்கள். உலோகவியல் புத்தகங்களில் 'சீசன் கிராக்கிங்' என்று தேடுங்கள், கிடைக்கும்.

புத்தகம் வேண்டாம் என்றால், மதுரை கீழமாசி வீதிப் பக்கம் கடையில் கேட்டு ஒரு பித்தளைத் துண்டு வாங்கி, காற்றோட்டமான இடத்தில் அம்மோனியா கரைசலில் பாதி முங்குகிற மாதிரி போட்டு வையுங்கள். மறுநாள் கரைசல் நீலமாக இருக்கும். அந்த நீலம் முழுக்க உங்கள் பித்தளையிலிருந்து போன செம்புதான். டிரம்முக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் துளி சிட்ரிக் அமிலமும் போதும்ண்ணே.