பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்

இதைப் படித்துவிட்டு உறவினர் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் நான் தொண்டூழியம் செய்வது தெரிந்ததிலிருந்து, இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும் கல்யாணப் பந்தியிலும் என்னை ஓரமாக இழுத்துக் கேட்கிறார்கள்: "தத்தெடுக்க நம் நிறத்தில் பிள்ளை ஏதும் இருக்கிறதா? வெளியே தெரியாமல் முடித்துவிடலாமா?"

இரண்டு கேள்விகளும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது அறவே பிடிக்கவில்லை.

தாயும் தந்தையும் இறந்துபோன பிள்ளைகள்தாம் இப்படிப்பட்ட இடங்களுக்கு வருகிறார்கள் என்ற நினைப்பு முதலில் போக வேண்டும். பெரும்பாலும் பெற்றவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள்: சிறையில், மருத்துவமனையில், அல்லது என்ன முடிவெடுப்பது என்று தெரியாமல் அவகாசம் கேட்டுக்கொண்டு. தாய் தேறி வந்து அழைத்துப் போகும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே அங்கே கிடக்கும் குழந்தையெல்லாம் தத்துக்குக் காத்திருப்பதில்லை. எந்தக் குழந்தையின் கதை எது என்று எங்களிடம் சொல்வதில்லை. நாங்கள் கேட்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. பால் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, குடித்த அளவை ஏட்டில் எழுதி, தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டுவதுதான் எங்கள் வேலை. எதையாவது பிடித்துக்கொண்டால்தான் பால் குடிப்பான் ஒரு பயல். நகை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் அவனுக்கு வாய்த்தது என் சட்டைப் பொத்தான். அதில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன.

நிறம் பார்ப்பவர்களுக்கு நம் ஊர்க் கதை மறந்துவிட்டதா? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வறுமையாலும், பெண் பிள்ளை வேண்டாம் என்பதாலும், சீன நாட்காட்டியின் புலி ஆண்டில் பிறந்தவள் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளை இங்கே எத்தனையோ தமிழ், மலாய்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தன. எங்களுக்கு வேண்டிய குடும்பத்தில் அப்படி வந்த அத்தை ஒருவர் இருந்தார். மீன் குழம்பில் மாங்காய் இல்லையென்றால் சண்டைக்கு நிற்பார். பிள்ளைகளைத் திட்டினால் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ் வரும். அவர் வளர்ப்புப் பிள்ளை என்பதை யாரிடம் மறைப்பது? முகமே சொல்லிவிடும். வீட்டாரும் வெட்கப்படவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவில்லை. பல கைமாற்றங்களுக்குப் பத்திரமே கிடையாது. பின்னாளில் பெற்றவர்களைத் தேட ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாதவர்கள் உண்டு.

இன்று அப்படி இல்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் நிறைவேறிய புதிய தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. விளக்கக் கூட்டம், பிள்ளை வளர்க்கத் தகுதி உண்டா என்ற மதிப்பீடு, கடைசியில் நீதிமன்ற உத்தரவு. அலைச்சல்தான். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒப்படைக்கும்போது அலையவிட்டால் என்ன குறைந்துபோகிறது? உத்தரவு கிடைத்ததும் வளர்ப்புப் பெற்றோரின் பெயரோடு புதிய பிறப்புச் சான்றிதழ் வரும். மறைக்க நினைப்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். "காகிதத்திலேயே நம் பெயர்தானே, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்?"

எதற்கா? குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு, இதய நோய் உண்டா என்று மருத்துவர் கேட்கும்போது பிள்ளை உங்கள் பரம்பரையைச் சொல்லி ஏமாறக் கூடாது என்பதற்கு. சொத்துத் தகராறில் ஒரு சித்தப்பா வாய்விட்டு, அதன்மூலம் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்கு. நம் குடும்பங்களில் ரகசியம் பந்தி முடியும்வரைகூடத் தாங்காது. ஊருக்கே தெரிந்தது பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் இருப்பதற்கா இத்தனை பாடு? பேச்சு வரும் வயதிலேயே கதையோடு கதையாகச் சொல்லிவிட்டால், தன் பெயரைப் போல அதையும் அறிந்தே வளரும்.

என்னிடம் கேட்டவர்களில் என் சின்ன மாமியார் மகள் மட்டும் கணவரோடு விளக்கக் கூட்டத்துக்குப் போய்வந்தாள். நிறப்பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் தத்தெடுக்கும் எண்ணத்தைப் பற்றித் தன் மாமியாரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. தீபாவளி கழியட்டும் அண்ணி என்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல், வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.