சிலாவோஸ் ஊற்று குமிழிடுவது எரிமலை விழிப்பதாலா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'சிலாவோஸ் வெந்நீர் ஊற்று குமிழிடுகிறது, சிவப்புப் படிவு தெரிகிறது, பிட்டோன் தெ நேஜ் எரிமலை விழிக்கிறது, தண்ணீர் விஷமாகிவிட்டது.' இது தவறு. பயந்துபோன பாட்டிமார்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

குமிழி புதிதல்ல. மலையூரான சிலாவோஸில் உள்ள அந்த ஊற்றை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார்கள். பிட்டோன் தெ நேஜ் வெடித்து 10,000 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஆனால் அதன் அடியாழத்திலிருந்து கரியமில வாயு இன்னும் கசிகிறது. ஊற்றுகளில் கிடைக்கும் ஹீலியம் வாயுவும் பூமியின் ஆழத்திலிருந்து வந்ததற்கான அடையாளத்தோடு இருக்கிறது.

சரி, தண்ணீர்? அது மலையில் பெய்த மழைதான். பாறைப் பிளவுகள் வழியே இறங்கிச் சூடேறி, அந்தக் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் எரிமலைப் பாறையை மெல்ல அரித்து சோடியம், மெக்னீசியம், கால்சியம், இரும்பு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அமிலம் தணிந்து பைகார்பனேட்டாக, அதாவது சமையல் சோடாவில் இருப்பது போன்ற உப்பாக, மாறுகிறது. மேலே வரும்போது அழுத்தம் குறைவதால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு பிரிகிறது. குமிழி அதுதான், கொதிப்பல்ல. நீரின் சூடு ஏறக்குறைய நம் உடல் சூடுதான். கரைந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிச் சிவக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத குழிகளில் தேங்கினால் மூச்சுத் திணறும், குழந்தைகளை அங்கே இறங்க விடாதீர்கள்.