விமானத்துக்காக மட்டும் பாப்பா வெஸ்ட்ரே போகாதீர்கள்

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஒன்றான பாப்பா வெஸ்ட்ரே பற்றி நான் படித்த ஒரு பயணக் கட்டுரையில் முக்கால்வாசி, பக்கத்துத் தீவான வெஸ்ட்ரேயிலிருந்து அங்கே போகும் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான விமானப் பயணம்தான். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை, சரி. ஆனால் இறங்கியதும் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேற்குக் கரையில் நாப் ஆஃப் ஹவர் இருக்கிறது. கி.மு. 3700 வாக்கில் கட்டிய, அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் இரண்டு கல்வீடுகள். எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழமையானவை! தாழ்வான வாசலில் குனிந்து உள்ளே போனால் அடுப்பு இருந்த இடம், கல் அலமாரி, தானியம் அரைத்த கல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கட்டணம் கிடையாது. அங்கே அவசரப்படாமல் உட்காருங்கள், அந்த வீட்டில் குடும்பம் நடத்தியவர்களை நினைத்துப் பாருங்கள்.

வடக்கே நார்த் ஹில் பறவைகள் சரணாலயம். ஸ்காட்லாந்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத ஊதா நிறக் குட்டிப் பூ, ஸ்காட்டிஷ் பிரிம்ரோஸ், அங்கே பூக்கும். பக்கத்து ஃபவுல் கிரெய்க் பாறையில் 1813இல் சுடப்பட்ட பெரிய ஆக் என்ற கடற்பறவைக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அந்த இனமே இன்று உலகில் இல்லை. அந்தக் கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது கொடுத்திருக்க வேண்டும்.

கோடையில் போகிறவர்கள் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகள் இருக்கும் சமயத்தில் ஆர்க்டிக் ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் தலையில் கொத்தும். கூடுகளை விட்டு விலகியே நடங்கள்.