கட்-அவுட்டை நேராக இணைக்காதீர்கள்

அண்ணா, கரண்டில் ஓடும் ஷவர் ஹீட்டரில் சூடு வந்து கொஞ்ச நேரத்தில் பச்சைத் தண்ணீராகிவிட்டால் தெர்மல் கட்-அவுட் (சூடு கூடினால் கரண்டை வெட்டும் பாகம்) பழுது, அதைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்தால் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை யாரும் செய்யவேண்டாம். பெரும்பாலும் அந்தக் கட்-அவுட் தன் வேலையைத்தான் செய்கிறது: தண்ணீர் போதியளவு ஓடாமல் உள்ளே சூடு ஏறும்போது கரண்டை வெட்டுகிறது, ஆறியதும் திரும்பக் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் கொதிநீர் உடம்பில் விழும், தொட்டி உருகவும் கூடும்.

முதலில் ஓட்டத்தைப் பாருங்கள். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற வீடுகளில் ஷவர் தலையின் துளைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கழற்றி வினாகிரியில் ஊறவையுங்கள், உள்ளே போகும் குழாயின் சல்லடையையும் கழுவுங்கள். மேல் தண்ணீர்த் தாங்கி உயரம் குறைவென்றாலும் ஓட்டம் குறைந்து இதே கதைதான்.

சூடு ஏறவே இல்லையென்றால் அது வேறு விஷயம். 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடினால் தண்ணீரைக் கிட்டத்தட்ட 17 பாகை உயர்த்தும், 6 லீற்றர் என்றால் 8 பாகைதான், அதனால் வால்வைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். மாலையில் வோல்டேஜ் 230இலிருந்து 200க்கு இறங்கினால் சூடாக்கும் வலுவில் கால்வாசி போய்விடும். அப்போது எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை.

அப்புறம், மூடியைத் திறக்க முன்னம் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தால் குளிப்பதை விட்டுவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.